காற்றில் ஒரு காலி அறை!

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் உள்ள பெரியவர்களைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்த புதிது. ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க அந்த அறையில் இடம் கிடையாது. ஆனாலும் எல்லோரும் தூங்கினார்கள். எப்படி?

மில்லில் இரவு ஷிப்டுக்குப் போகிறவரின் இடத்தில், பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர் படுத்துக்கொள்வார். விடிந்ததும் இரவு ஷிப்ட்காரர் வந்து கதவைத் தட்டுவார். படுத்திருந்தவர் மறுபேச்சில்லாமல் எழுந்து, பாயை உதறிப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவார். ஏனென்றால் இடம் அவருடையது. இவர் விருந்தாளி.

பாய் ஒன்று. தூங்கியவர்கள் இரண்டு பேர். சண்டை இல்லை.

இதே ஏற்பாட்டைத்தான் விஞ்ஞானிகள் இப்போது ரேடியோ அலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவருக்கென்று ஒதுக்கிய அலை சும்மா கிடந்தால், அதில் இன்னொருவர் நுழையலாம். சொந்தக்காரர் வந்தால் உடனே விலகிவிட வேண்டும். இதை மனிதர் யாரும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியதில்லை. கருவியே பார்த்துக்கொள்ளும்!

சர்ச்கேட்டிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில், பால்கர் வட்டாரத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

ஆகாயத்துக்கும் பட்டா

ரேடியோ அலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நிலத்தைப் போல அதற்கும் பட்டா உண்டு.

வானொலி, டெலிவிஷன், போலீஸ் வயர்லெஸ், விமானம், கப்பல், ராணுவம், செல்போன் கம்பெனி என்று ஒவ்வொருவருக்கும் ஆகாயத்தில் ஓர் இடம் அளந்து விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் அலைவரிசை. அதை அளக்கும் கோலுக்குப் பெயர் மெகாஹெர்ட்ஸ்.

ஏன் இப்படி அளந்து கொடுக்க வேண்டும்? ஒரே வட்டாரத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுவிடும். வயர்லெஸ் வந்த புதிதில் அப்படித்தான் நடந்தது. கப்பல்காரர்களும் கரையிலிருந்தவர்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டார்கள். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அதே ஆண்டில் அமெரிக்கா, உரிமம் இல்லாமல் யாரும் ரேடியோ நிலையம் நடத்தக்கூடாது என்று சட்டம் போட்டது.

இந்தியாவில் 1933-ல் வயர்லெஸ் டெலிகிராப் சட்டம் வந்தது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்த காலம் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

பட்டா முறையால் குழப்பம் தீர்ந்தது. ஆனால் இன்னொரு தொல்லை வந்தது. பட்டா வாங்கியவர் அந்த இடத்தை உழுகிறாரா, தரிசாகப் போட்டிருக்கிறாரா என்று கேட்பார் இல்லை. அவர் பூட்டி வைத்தாலும் மற்றவர் நுழைய முடியாது. ஒரு பக்கம் செல்போன் அலைகளில் ரயில் பெட்டியைப் போல நெரிசல். பக்கத்திலேயே இன்னொரு பெட்டி ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது!

தூர்தர்ஷன் கொடுத்த இடம்

அந்தக் காலிப் பெட்டிகளில் பெரியது டெலிவிஷனுடையது.

பம்பாயில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1972 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. அதன்பின் நாடு முழுவதும் கோபுரங்கள் எழுந்தன. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் தொடர் ஓடியபோது, மொட்டை மாடிகளிலும் தகரக் கூரைகளிலும் ஏரியல்கள் நின்றன. படம் ஆடினால் ஒருவர் மேலே ஏறி ஏரியலைத் திருப்புவார். கீழே இருப்பவர் ‘போதும், போதும்’ என்று கத்துவார்.

கோபுரத்திலிருந்து அந்த ஏரியலுக்கு வந்த டெலிவிஷன் அலைகளுக்கு ஆகாயத்தில் சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடம். மொத்தம் 120 மெகாஹெர்ட்ஸ். ஒரு சேனலுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் வீதம் 15 சேனல்களுக்கு இடம்.

இந்த 15 அறைகளில் எத்தனை அறைகளில் ஆள் இருக்கிறது? மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

அப்போது தூர்தர்ஷனுக்கு நாடு முழுவதும் 1,415 ஒளிபரப்புக் கருவிகள் இருந்தன. அவற்றில் 373 மட்டுமே இந்த இடத்தைப் பயன்படுத்தின. கோபுரம் வைத்து வீட்டு ஏரியலுக்கு ஒளிபரப்பும் உரிமை இந்தியாவில் தூர்தர்ஷனுக்கு மட்டுமே இருந்ததால், அமெரிக்காவைப் போலப் பல கம்பெனிகள் அந்த இடத்தில் நெருக்கியடிக்கவில்லை.

கணக்கின் முடிவு என்ன தெரியுமா? சராசரியாக, 120 மெகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் காலி! அதோடு நிற்கவில்லை. கோபுரங்களுக்குச் சேனல்களைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால், அந்த இடத்தில் நடக்கும் ஒளிபரப்பு முழுவதுக்கும் 4 சேனல்களே போதும் என்றும் அவர்கள் கண்டார்கள்.

பதினைந்து அறை கட்டி, நான்கு அறைக்கு மட்டுமே தேவை இருந்தால் மற்ற பதினொன்றை என்ன செய்வது? இந்தக் காலி இடத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘வெள்ளை இடம்’. எழுதாத வெள்ளைத் தாளைப் போன்றது என்று பொருள்.

கேட்டுவிட்டுப் பேசும் ரேடியோ

காலியிடம் இருக்கிறது என்று ஏட்டில் சொல்வது எளிது. ஆனால் ஓர் ஊரில் காலியாக உள்ள சேனல் அடுத்த ஊரில் காலியாக இராது. இன்று காலியாக இருப்பது நாளை நிரம்பலாம். பழைய ரேடியோவுக்கு இது தெரியாது. கம்பெனியில் எந்த அலைவரிசையில் பூட்டி அனுப்பினார்களோ, அதிலேயே ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்.

1990-களின் கடைசியில் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கர் ஒரு புது யோசனை சொன்னார். ‘ரேடியோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர் மூளை இருக்கட்டும். தான் எங்கே இருக்கிறோம், சுற்றிலும் யார் பேசுகிறார்கள், எந்த இடம் காலி என்று அதுவே அறிந்து, அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளட்டும்’ என்பதுதான் அவர் எண்ணம். 1999-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். 2000-ல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் இதே பொருளில் டாக்டர் பட்டமும் வாங்கினார். அறிவுள்ள ரேடியோ என்ற துறையே அதிலிருந்து கிளம்பியது.

அந்த ரேடியோவின் வேலை மூன்றே சொல்லில் அடங்கும். கேள், பேசு, விலகு.

இது ஏதோ வருங்காலக் கனவு என்று நினைக்க வேண்டாம். இதன் தம்பி ஒருவன் இப்போதே பலருடைய காதில் உட்கார்ந்திருக்கிறான். விரார் லோக்கலில் கம்பியில்லாத இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்களே, அதன் புளூடூத் முறையில் 79 சின்னச் சின்ன அலைவரிசைகள் உண்டு. பாட்டு ஒரே வரிசையில் வருவதில்லை. விநாடிக்கு 1,600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வருகிறது. எந்த வரிசையில் இடைஞ்சல் இருக்கிறது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு மற்றவற்றில் தாவும் வித்தை 2003-ல் சேர்க்கப்பட்டது. ஒரு பெட்டிக்குள் ஐம்பது பேர் இயர்போன் மாட்டியும் ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் விழாததற்கு, ஒவ்வொரு ஜோடிக் கருவியும் தனித்தனி வரிசையில் தாவுவதும் ஒரு காரணம்.

தாவும் யோசனைக்கும் ஒரு சுவையான முன்கதை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, எதிரி குறுக்கிட முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை ரேடியோ மூலம் செலுத்த ஒரு வழி கண்டுபிடித்து, 1942-ல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லாமர்! கூட இருந்தவர் ஜார்ஜ் ஆந்தெயில் என்ற இசையமைப்பாளர். பியானோவில் 88 கட்டைகள் இருப்பதைப் போல 88 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவலாம் என்றார்கள்.

மலைக்குப் பின்னால் இருப்பவன்

டெலிவிஷன் அலையில் மட்டும் இந்தக் கேட்கும் வித்தை அவ்வளவு சுலபமாகப் பலிக்கவில்லை.

ஒரு கிராமத்துக்கும் டெலிவிஷன் கோபுரத்துக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் வைத்த கருவி காதைத் தீட்டிக் கேட்கிறது. கோபுரத்தின் அலை மலையில் தடுக்கப்பட்டுவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ‘சரி, இடம் காலி’ என்று கருவி பேசத் தொடங்குகிறது. ஆனால் சற்று மேட்டில் உள்ள வீட்டில் ஒருவர் உயரமான ஏரியல் வைத்து அதே சேனலில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் படம் கெட்டுவிடும்!

டெலிவிஷன் பெட்டி வாங்கிக்கொள்ளுமே தவிர, திருப்பிப் பேசாது. ஆகவே அந்த வீட்டில் ஆள் இருப்பதைக் கருவி அறிய வழியே இல்லை. உள்ளே தூங்குகிறவன் குரல் கொடுக்காததால் வீடு காலி என்று நினைத்துப் பூட்டை உடைத்த கதைதான்.

2007-ல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்புக் கமிஷன் முதல் மாதிரிக் கருவிகளைச் சோதித்தது. டெலிவிஷன் அலை இருப்பதை அவை ஒரே சீராகக் கண்டுபிடிக்கவில்லை. டெலிவிஷன் கம்பெனிகள் எதிர்த்தன. நாடக மேடையிலும் பாட்டுக் கச்சேரியிலும் கம்பியில்லா மைக் வைத்திருப்பவர்களும் எதிர்த்தார்கள். அந்த மைக்குகளும் டெலிவிஷன் அலைகளுக்கு நடுவேதான் ஓடின. 2008-ல் பாடகி டாலி பார்ட்டனே கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்.

எதிர்ப்புகளையெல்லாம் கேட்ட கமிஷன் 2008 நவம்பரில் அனுமதி கொடுத்தது. 2010-ல் விதியைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தில்தான் வழி பிறந்தது.

காதை நம்ப வேண்டியதில்லை, பதிவேட்டைக் கேட்டாலே போதும் என்றார்கள். எந்தக் கோபுரம் எங்கே, எந்தச் சேனல், எவ்வளவு தூரம் எட்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். கருவி முதலில் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். பிறகு இன்டர்நெட் வழியே பதிவேட்டைக் கேட்கும்: ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன். எந்தச் சேனல் காலி?’ பதிவேடு பட்டியல் கொடுக்கும். நாளுக்கு ஒரு தடவையாவது மறுபடி கேட்டாக வேண்டும் என்பது அப்போதைய விதி. கம்பியில்லா மைக்குகளுக்கென்று இரண்டு சேனல்கள் தனியே விடப்பட்டன.

கிட்டத்தட்ட லாட்ஜ் கணக்கப்பிள்ளையிடம் அறை கேட்பது போன்ற முறை. கதவைத் தட்டுவதற்கு முன் பேரேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

2012 ஜனவரியில் அமெரிக்காவில் வில்மிங்டன் நகரில் இந்தப் பதிவேட்டு முறை நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு நன்யுக்கி வட்டாரத்திலும், தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பள்ளிகளிலும் 2013-ல் சோதனைகள் நடந்தன.

பால்கரில் நடந்தது

இந்தியாவில் இதற்கு முன்கை எடுத்தது பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பேராசிரியர் அபய் கரந்திகர் தலைமையிலான குழு 2010-களின் நடுப்பகுதியில் பால்கர் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது.

பால்கர் 2014-ல்தான் தானே மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. விராரைத் தாண்டி டகாணு வரை புறநகர் ரயில் 2013-ல் நீண்டது. இதனால் அந்தப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் கூடினார்கள். ஆனால் ரயில் பாதையை விட்டு உள்ளே போனால் வேறு உலகம். மலை, மரம், பரந்து கிடக்கும் சின்னச் சின்னக் குடியிருப்புகள், வார்லி முதலான பழங்குடி மக்கள். இங்கே கண்ணாடி இழைக் கேபிள் பதிப்பதென்றால் வீடு வீடாகக் குழி தோண்ட வேண்டும். வாடிக்கையாளர் கொஞ்சம், கையில் காசும் கொஞ்சம். எந்தக் கம்பெனி வரும்?

சாதாரண வை-பை கருவி வைத்தால் என்ன? அதன் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம். மரத்திலும் சுவரிலும் மோதிச் சீக்கிரம் சோர்ந்துவிடும். டெலிவிஷன் அலையோ சுமார் 60 சென்டிமீட்டர். இலை தழைகளை ஊடுருவும். மேடு பள்ளத்தை ஓரளவு சமாளிக்கும். பல கிலோமீட்டர் போகும். ஒரு கோபுரத்திலிருந்து ஊர் ஊராகப் படம் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்த அலையல்லவா!

கம்லோலி கிராமத்தை மையமாக வைத்து 7 கிராமங்களைக் குழு இணைத்தது. கோபுரத்தில் ஒரு கருவி. கிராமங்களில் பழைய டெலிவிஷன் ஏரியலைப் போல ஏரியல்கள். டெலிவிஷன் வெள்ளை இடத்தில் தகவல் அந்த ஏரியல் வரை வரும். அங்கிருந்து வை-பை கருவி அதைச் செல்போனுக்குக் கொடுக்கும். இந்தியக் கோபுரங்களுக்கு ஏற்ற பதிவேட்டையும் அவர்களே தயாரித்தார்கள். விலை குறைந்த கருவி மாதிரியையும் அவர்களே செய்தார்கள்.

பிறகு 25 கிராமங்கள் வரை வேலையை விரித்தபோது, உரிமம் தேவைப்படாத 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்தினார்கள். ‘கிராம மார்க்’ என்ற இந்தத் திட்டம் 2017-ல் மொசில்லா நிறுவனம் உலக அளவில் நடத்திய போட்டியில் முதல் பரிசாக 1,25,000 டாலர் பெற்றது.

இன்டர்நெட் என்றதும் சினிமாவும் வேடிக்கையும்தான் என்று சிலர் நினைக்கலாம். கிராமத்தில் அது வேறு விஷயம். ரேஷன் கடைக் கருவியில் கைரேகை வைத்தால் அது சிக்னல் இல்லாமல் பதில் சொல்லாது. பதில் வராவிட்டால் அரிசி இல்லை. வங்கிக் கணக்கில் விழுந்த கூலியை எடுக்கவும் அதே நிலைமை. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மரத்திலும் மலை உச்சியிலும் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே டெலிவிஷன் சேனல்கள் பல காலியாகக் கிடந்தன.

விருந்தாளி எழுந்திருக்காவிட்டால்?

‘உள்ளே விட்ட பிறகு எழுந்து போக மாட்டேன் என்றால்?’ என்பது இடத்துக்காரர்களின் அச்சம். அந்த அச்சம் வீண் அல்ல.

வீட்டு வை-பை பெட்டிகள் சில, ராடார்கள் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் பேசும். அதற்குக் கண்டிப்பான விதி உண்டு. வழக்கமாகப் பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா இருந்து கேட்க வேண்டும். நடுவில் ராடார் அலை வந்தால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பிறகு அரை மணி நேரம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

கரீபியன் கடலில் உள்ள பியூர்ட்டோ ரிக்கோ தீவில் சிலர் இந்த விதியை மதிக்கவில்லை. அங்கே சான் ஹுவான் விமான நிலையத்துக்கு அருகே, இறங்கும் விமானத்தைக் கவிழ்க்கக் கூடிய திடீர்க் காற்றைக் காட்டும் ராடார் ஒன்று உண்டு. அந்த ராடாரின் படம் கெட்டது. 2009-ல் அதிகாரிகள் தேடிப் பார்த்தபோது, கட்டடங்களின் மேல் வைத்திருந்த இன்டர்நெட் கருவிகள்தான் காரணம் என்று தெரிந்தது. நடத்தியவர்களுக்கு அபராதம் விழுந்தது.

ஒழுங்காக நடந்துகொண்ட விருந்தாளிக்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் ராடார் பயன்படுத்தும் இடத்தையும் சேர்த்து, 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை 2020 முதல் மற்றவர்களும் முழு அளவில் பயன்படுத்துகிறார்கள். கடற்கரை நெடுகக் கேட்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். போர்க்கப்பல் ராடாரைப் போட்டபடி வந்தால், கம்ப்யூட்டர் அந்தப் பகுதியில் உள்ளவர்களைச் சில நிமிடங்களில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறது. கப்பல் போனதும் மறுபடி பழைய இடம்.

ராணுவமே இடம் கொடுத்த பிறகு, முறைப்படி செய்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு ஏன் தாமதம்?

பால்கரில் நடந்தது சோதனை. அதற்கு அரசு கொடுத்ததும் சோதனை உரிமம்தான். டெலிவிஷன் வெள்ளை இடத்தை வைத்து ஊர் ஊராக இன்டர்நெட் கொடுக்க இந்தியாவில் பொது அனுமதி பிறக்கவில்லை.

இதற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல. பணமும் பயமும்.

அலைவரிசை இப்போது தங்கத்தைப் போல விலை போகும் சரக்கு. 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 டெலிபோன் உரிமங்களை ரத்துச் செய்து, ஏலம் விட்டே கொடுக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு ஏலமில்லாமல் அலையைக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குக் கை வரும்? செல்போன் கம்பெனிகளும், ‘நாங்கள் கோடி கோடியாகக் கொட்டி வாங்குவதை இன்னொருவருக்குச் சும்மா கொடுப்பதா?’ என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஏலத்தாலும் எல்லா அலையும் விலை போய்விடவில்லை. 2022-ல் நடந்த பெரிய ஏலத்தில், டெலிவிஷன் அலைக்குப் பக்கத்தில் உள்ள 600 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கேட்க ஒருவர்கூட வரவில்லை! அதே ஆண்டு மார்ச் மாதத்துக்குள் தூர்தர்ஷனின் பழைய முறைக் கோபுர ஒளிபரப்பும், எல்லைப் பகுதி போன்ற சில இடங்கள் தவிர, பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. கேபிளும் டிஷ்ஷும் வந்த பிறகு ஏரியலைத் திருப்புகிறவர் யார்? 2014-ல் கணக்கெடுத்தபோது இருந்ததைவிட இடம் இன்னும் அதிகமாகவே காலி.

அலை யாருடையது என்ற கேள்விக்கு 1995-லேயே பதில் கிடைத்துவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ரேடியோ அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச் சொத்து என்றால், விலை கொடுக்க முடிந்த கம்பெனிக்கு உள்ள பாத்தியதை பால்கர் பழங்குடிக்கும் உண்டு.

இப்போது சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஒருவருக்கு ஒதுக்கிய அலைவரிசையை, அவருக்குக் கேடான குறுக்கீடு இல்லாதபடி, இரண்டாவது ஒருவருக்கும் அரசு ஒதுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. போதிய காரணம் இல்லாமல் சும்மா போட்டு வைத்தால் ஒதுக்கீட்டையே ரத்துச் செய்யலாம் என்றும் சொல்கிறது.

முதல் ஆள், இரண்டாம் ஆள். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட். தாராவி அறைக்குள் எழுதாமல் இருந்த விதி, பாராளுமன்றத்தில் எழுத்தில் வந்துவிட்டது.

அந்த விதி கிராமத்துக்குப் போய்ச் சேர இன்னும் சில வேலைகள் பாக்கி. காலியிடம் எது என்று சொல்லும் பதிவேட்டை அரசு ஏற்க வேண்டும். கருவிக்கு முத்திரை கொடுக்க வேண்டும். எழுந்திருக்க மறுப்பவனுக்கு அபராதம் வைக்க வேண்டும். கிராமத்துக்கு எந்த விலை, நகரத்துக்கு எந்த விலை என்று முடிவு செய்ய வேண்டும்.

இதில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல. கதவைத் தட்டிக் கேட்கும் கருவி தயார். கேட்ட உடனே எழுந்து போகவும் அதற்குத் தெரியும். ‘சரி, படுத்துக்கொள்’ என்று டில்லி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.